அஞ்சல் பெட்டிக்குள் யாரை விடுகிறோம்?

பில்களைத் தேடித் தொகுத்துத் தருவதாக ஒரு செயலி சொல்கிறது. வேண்டாத விளம்பர அஞ்சல்களை ஒழித்துத் தருவதாக இன்னொன்று சொல்கிறது. நிறுவியதும் உங்கள் மின்னஞ்சல்களைப் படிக்க, எழுத, அனுப்ப, நிரந்தரமாக அழிக்க அனுமதி கேட்கிறது. பில்களைத் தொகுக்க எதற்கு அழிக்கும் உரிமை? யோசிக்காமல் சம்மதித்துவிடுகிறோம். வங்கிக் கணக்கு அறிக்கை, மருத்துவப் பரிசோதனை முடிவு, மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு எல்லாம் வந்து விழுவது அந்த ஒரே பெட்டியில்தான். அதைத் திறக்க முடிந்தவர் மற்றதையும் திறந்துவிடலாம்.

சர்வரிலிருந்து அஞ்சலை எடுத்துவரும் நிரல்கள் நெடுங்காலமாக பாப்3, ஐமேப் என்ற இரண்டு நெறிமுறைகளில்தான் பேசிவருகின்றன. 1996-இல் வெளியான பாப்3 வரையறைப்படி நிரல் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்லி உள்ளே போகும், அஞ்சலை எடுக்கும், வேண்டுமானால் சர்வரில் அழித்துவிட்டு வெளியேறும். 110 என்ற போர்ட் வழியாக மறையாக்கம் இல்லாமல் இது நடந்தால், அதே வைஃபையில் ஒட்டுக்கேட்பவர் கடவுச்சொல்லை அப்படியே படித்துவிடலாம். ஐமேப்புக்கு 143-இலும் இதே ஆபத்து உண்டு. பாதுகாப்பான வழிகள் 995, 993. மறையாக்கம் இல்லாத இணைப்பைக் கைவிட வேண்டும் என்று இணையத் தர அமைப்பு 2018 ஜனவரியிலேயே பரிந்துரைத்துவிட்டது. உங்கள் அலுவலகக் கணினியின் அஞ்சல் அமைப்பில் 110 அல்லது 143 என்ற எண்ணும் ‘பாதுகாப்பு: இல்லை’ என்ற குறிப்பும் சேர்ந்து இருந்தால் இன்றே மாற்றச் சொல்லுங்கள்.

கடவுச்சொல்லை வெளிச் செயலியிடம் தரும் பழக்கத்தைப் பெரிய நிறுவனங்கள் நிறுத்தத் தொடங்கின. கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே இறுதியில் அதை மூடியது. மைக்ரோசாப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவையில் அதே ஆண்டு அக்டோபரில் மூடத் தொடங்கியது. இப்போது ஓஆத் முறையில் செயலிக்கு ஓர் அனுமதிச் சீட்டு, அதாவது டோக்கன் மட்டுமே கிடைக்கிறது. இது நல்ல மாற்றம்தான். ஆனால் ஏமாற்றுக்காரர்கள் இப்போது கடவுச்சொல்லுக்குப் பதில் நம் சம்மதத்தைக் குறிவைக்கிறார்கள். 2017 மே மாதம் ‘கூகுள் டாக்ஸ்’ என்ற பெயரையே வைத்துக்கொண்டு ஒரு போலிச் செயலி பரவியது. சம்மதித்தவரின் தொடர்புப் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் அவர் பெயரிலேயே அஞ்சல் போனது. கடவுச்சொல் எதுவும் திருடப்படவில்லை, இரட்டைச் சரிபார்ப்பும் தடுக்கவில்லை. சுமார் ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிட்டதாகவும், பாதிப்பு 0.1 சதவீதத்துக்கும் குறைவு என்றும் கூகுள் சொன்னது. நூறு கோடிக்கு மேற்பட்ட பயனர்களில் அதுவும் பெரிய கூட்டம்தான்.

நேர்மையான முகத்தோடு வரும் செயலியும் ஏமாற்றலாம். விளம்பர அஞ்சல்களை விலக்கித் தரும் அன்ரோல்.மீ சேவை, பயனர்களின் கொள்முதல் ரசீதுகளைத் தன் தாய் நிறுவனத்தோடு பகிர்ந்தது. அங்கே அவை சந்தை ஆய்வுச் சரக்காயின. பயனர்களைத் தவறாக நம்பவைத்ததாக அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2019-இல் அந்தச் சேவைமீது நடவடிக்கை எடுத்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே சம்மதம் செல்லும். தந்த சம்மதத்தை, தந்த அளவுக்கு எளிதாகவே திரும்பப் பெறலாம், தரவை அழிக்கவும் கோரலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டாலும், நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைந்து தரவை நகலெடுத்தால் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் இழப்பீடு கேட்கலாம். அடுத்தவர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது 66சி பிரிவில் குற்றம். 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டு மனுக்களை விசாரிப்பவர் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். மின்னஞ்சல் மோசடியில் பணமிழந்த வாடிக்கையாளருக்கு இழப்பீடு தருமாறு தமிழ்நாட்டில் 2010-இலேயே ஒரு தனியார் வங்கிக்கு உத்தரவானது. இந்த வழி இருப்பது பலருக்குத் தெரியாமலே போவதுதான் வருத்தம்.

சந்தேகம் வந்தால் கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் வெளிச் செயலிகளின் பட்டியல் இருக்கும். அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு தேவையற்றதை நீக்குங்கள். அஞ்சல்கள் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி யாராவது அமைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பலரும் பார்க்கத் தவறுவது இதைத்தான். அனுமதியை நீக்கினாலும் ஏற்கெனவே எடுத்துப்போன நகல்கள் அங்கேயே இருக்கும். அவற்றை அழிக்கும்படி நிறுவனத்துக்குத் தனியே எழுதுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

இத்தகைய நிரல்களை எழுதும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். படிப்பது மட்டுமே வேலையென்றால் படிக்கும் அனுமதியை மட்டும் கேளுங்கள். ஐமேப்பில் பெட்டியை ‘செலக்ட்’ கட்டளைக்குப் பதில் ‘எக்ஸாமின்’ கொண்டு திறந்தால் எதையும் மாற்ற முடியாது. சோதனையின்போது பிழை வருகிறதென்று சான்றிதழ் சரிபார்ப்பை நிறுத்திவிட்டு, அப்படியே வெளியிடாதீர்கள். டோக்கனைப் பதிவேட்டுக் கோப்பில் எழுதாதீர்கள். ‘விலகு’ பொத்தானை முதல் பதிப்பிலேயே வையுங்கள். அதை அழுத்தினால் டோக்கனோடு உங்கள் சர்வரில் சேர்ந்த நகல்களும் அழிய வேண்டும்.