அகத்தியர்கூடத்துக்கு ஒரு நாள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளைப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்து, பிழைப்பின் பொருட்டு மும்பையிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் குடியேறியுள்ள அன்பர்கள் விடுப்பில் ஊர் திரும்பும்போது நம்மிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘அகத்தியர்கூடத்துக்கு ஒரே நாளில் போய் வந்துவிடலாமா?’ என்பதே அது.

கேள்வி எழுவது இயல்பு. சிறு வயதில் ஆற்றங்கரையில் நின்று வடகிழக்கே நோக்கி, நீலமாய்த் தெரிந்த மலைத்தொடரில் எது அகத்தியர் மலை என்று பெரியவர்களிடம் கேட்டறிந்தவர்கள் இவர்கள். அவர்கள் குளித்த நெய்யாறே அந்த மலையிலிருந்து இறங்கி வருவதுதான். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது எல்லைக்கோடு களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே விழுந்தது. இருபுறத்தாருக்கும் மலை மட்டும் ஒன்றாகவே நின்றது. ஆகவே பத்து நாள் விடுப்பில், ஒரு திருமணமும் ஒரு புதுமனை புகுவிழாவும் போக எஞ்சும் நாளில், அந்தச் சிகரத்தை மிதித்துவிட வேண்டும் என்னும் ஆவலை யாரும் குறை சொல்ல இயலாது.

ஆயினும் விடை, ‘இயலாது’ என்பதே. 1,868 மீட்டர் உயரமுள்ள இச்சிகரத்துக்கு இப்போது இசைவு பெற்றுச் செல்லும் வழி, விதுரைக்கு அப்பாலுள்ள போணக்காட்டிலிருந்து தொடங்குகிறது. அங்கிருந்து அதிருமலை முகாம் வரை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அதிருமலையிலிருந்து சிகரம் இன்னும் 6 கிலோமீட்டர். போக வர நாற்பது கிலோமீட்டர் காட்டு வழியை ஒரு பகலில் நடக்க வனத்துறையும் விடாது, நம் கால்களும் விடா. முதல் நாள் அதிருமலை, இரண்டாம் நாள் சிகரமும் திரும்பி அதிருமலையும், மூன்றாம் நாள் இறக்கம் என்பதே அமைப்பு. இவற்றுள் இரண்டாம் நாளைத்தான் சரியாகத் திட்டமிட வேண்டும். முதல் நாள் நெடுநடை. மூன்றாம் நாள் வீட்டு நினைவு. சோதனையெல்லாம் நடுவிலுள்ள அந்த ஒரு பகலில்தான்.

முதலில் இசைவைப் பற்றிச் சொல்லிவிடுவோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், பெரும்பாலும் சனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இறுதி வரையே கேரள வனத்துறை மலையைத் திறக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 பேருக்கே அனுமதி. இணையவழிப் பதிவு தொடங்கிய சிறிது நேரத்திலேயே இடங்கள் நிரம்பிவிடுவதுண்டு. மருத்துவச் சான்று கேட்கிறார்கள். 14 வயதுக்குக் குறைந்த சிறுவரை விடுவதில்லை. பிளாஸ்டிக்கும் மதுவும் பூசைப் பொருள்களும் கூடா. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். எனவே அறிவிப்பைப் படித்த பிறகே ரயில் சீட்டு வாங்குக. முன்பு பெண்கள் அதிருமலைக்கு அப்பால் செல்ல இசைவில்லை. 2018-இல் கேரள உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பின், 2019 சனவரி முதல் அவர்களும் சிகரம் ஏறுகின்றனர். மலையடியில் வாழும் காணிக்காரப் பழங்குடியினருக்கு இது முன்னோர் வழிபட்ட இடம் என்பதை ஆண் பெண் இருபாலாரும் நினைவிற் கொள்வது நலம்.

இனி அந்த ஒரு பகல். நம்மவர் பலர் ஏறும் நேரத்தை மட்டும் எண்ணிப் பார்ப்பர். இருட்டிலிருந்து பின்னோக்கி எண்ணி வருவதே முறை. பிப்ரவரியில் இப்பகுதியில் சூரியன் மறைவது மாலை ஆறரை மணியளவில். காட்டுக்குள் அதற்கு முன்பே இருள் கவியும். மாலையில் யானைகள் நீர்நிலையை நாடி இறங்கும். அவற்றுக்கென்று தனிப்பாதை ஏதும் இல்லை, நாம் நடக்கும் பாதையே அவற்றின் பாதையும். ஆதலால் பிற்பகல் நான்கு மணிக்கு முகாமில் இருப்பது என்று முதலில் முடிவு செய்துகொள்க.

ஏற எவ்வளவு நேரம் ஆகும்? ஸ்காட்லாந்து நாட்டு மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் ஓர் எளிய கணக்கு வகுத்தார். ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதனோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். ஒரு பேச்சுக்கு ஏற்றம் 700 மீட்டர் என்று கொண்டால், 6 கிலோமீட்டருக்கு 1 மணி 12 நிமிடமும், ஏற்றத்துக்கு 1 மணி 10 நிமிடமுமாக, சுமார் 2 மணி 20 நிமிடம் ஆகும். ஆனால் நெய்ஸ்மித் நடந்தது திறந்த மலைச்சரிவில். நம் வழியிலோ வேர்களும் வழுக்கும் கற்களும் மிகுதி. பொங்காலைப்பாறை கடந்த பின், செங்குத்தான பாறைகளில் கட்டியுள்ள கயிற்றைப் பிடித்து ஒருவர் பின் ஒருவராக ஏற வேண்டும். முன்னவர் ஏறும்வரை பின்னவர் காத்திருக்க வேண்டும். எனவே கணக்கை ஒன்றரை மடங்காக்கி மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இறங்க மூன்று மணி. உச்சியில் அரைமணி. காலை 7 மணிக்குப் புறப்பட்டால் பத்தரைக்கு அகத்தியர் திருவுருவத்தின் முன் நிற்கலாம். பிற்பகல் 2 மணிக்கு முகாம் சேரலாம். கையில் இரண்டு மணி நேரம் எஞ்சி நிற்கும். கால் சுளுக்கினாலும் மழை பெய்தாலும் அந்த இரண்டு மணி நேரம்தான் உதவும். அதை நம்பி, அன்றே போணக்காட்டுக்கும் இறங்கிவிடுவோம் என்று துணிவோர் உண்டு. இன்னும் 14 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் கூட்டிப் பாருங்கள். யானை இறங்கும் வேளையில் நீங்கள் நடுக்காட்டில் இருப்பீர்கள்.

வடநாட்டில் வாழும் அன்பர்கள் சிலர் கங்கோத்ரியிலிருந்து கோமுகம் சென்று பனியாற்றின் முகப்பைக் கண்டவர்கள். ‘அதையே பார்த்தாயிற்று, இது என்ன பெரிது?’ என்று அவர்கள் எண்ணுவதுண்டு. கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: போஜ்பாசா வரை 14 கிலோமீட்டர், அங்கிருந்து கோமுகம் மேலும் 4. ஆனால் அங்குள்ள பகை வேறு, இங்குள்ள பகை வேறு. கோமுகம் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கே. அதனால் தலைவலியும் மூச்சுத் திணறலும் வரும். அகத்தியர்கூடத்தில் அந்த நோய்க்கு அஞ்ச வேண்டியதில்லை. இங்கே அஞ்ச வேண்டியது ஈரமும் மேகமும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு ஆறரைப் பாகை குறையும். பாறசாலையில் 30 பாகையாக இருக்கும் வேளையில் உச்சியில் 18 பாகைதான். வியர்வையில் நனைந்த சட்டையோடு காற்றில் நின்றால் பற்கள் தந்தியடிக்கும். மாற்றுச் சட்டை ஒன்றை நனையாமல் பொதிந்து செல்க என்பது இதனால்தான். 1850-களில் திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்தின் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரௌன் இம்மலை மேலேயே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து அளவுகள் எடுக்க ஏற்பாடு செய்தார். கயிறும் இசைவுச்சீட்டும் இல்லாத காலத்தில் அங்கே குளிரில் விழித்திருந்து கருவிகளைப் படித்தவர்களை எண்ணினால் நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதிருமலையில் கஞ்சி கிடைக்கும். சிகர நாளுக்கு ஏத்தன்பழமும் அவலும் வெல்லமும் போதும். ஒருமுறை வயிறு நிறைய உண்பதைவிட மணிக்கொரு முறை சிறிது உண்பது மேல். காணிக்காரர்களுக்கு இதுவும் தேவைப்படுவதில்லை. 1987-இல் இம்மலையில் ஆராய வந்த அறிவியலாளர்கள் தாம் களைத்துப்போக, வழிகாட்டிய காணிக்காரர்கள் ஒரு சிறு செடியின் காயைத் தின்று சளைக்காமல் நடந்ததைக் கண்டனர். ஆரோக்கியப்பச்சை என்னும் அந்தச் செடியிலிருந்து பிறகு மருந்து உருவாயிற்று. அதன் வருவாயில் காணிக்காரர்களுக்கும் பங்கு அளிக்கப்பட்டது. நீங்கள் அச்செடியைத் தேடிப் பறிக்க முயல வேண்டாம். அது குற்றம்.

பயிற்சியின்றிச் செல்லலாகாது. அலுவலகத்தில் அமர்ந்தே இருந்த கால்களுக்கு நம் ஊரருகிலேயே ஒரு பரீட்சை இருக்கிறது: எல்லையில் வெள்ளறடையை அடுத்த குருசுமலை. தவக்காலத்தில் முதியோரும் சிலுவை சுமந்து ஏறும் மலை அது. ஒரு காலைப்பொழுதில் அதை ஏறி இறங்கி, மறுநாள் படி இறங்கும்போது முழங்கால் வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால், அதிருமலைக்கு முன்னுள்ள ஏற்றத்தை ஊரார் முட்டிடிச்சான் என்று அழைப்பதன் காரணம் உங்களுக்கு அங்கே விளங்கும்.

திட்டத்துள் கடினமான பகுதி, திரும்புவது. ஒருமுறை நாங்கள் நால்வர் சென்றோம். எங்களுள் ஒருவர் அசாமில் பணிபுரிபவர். ஐந்தாண்டுக்குப் பின் ஊர் வந்தவர். பொங்காலைப்பாறையை அடைந்தபோது கீழிருந்து மேகம் ஏறி எதிரே நின்ற மரத்தையும் மறைத்தது. தூறல் விழுந்தது. வழிகாட்டி பாறையைக் கையால் தடவிப் பார்த்து, “அண்ணே, பாறை நனைஞ்சாச்சு. ஏறுனா ஏறலாம், எறங்க முடியாது. திரும்புவோம்” என்றார். நண்பர், “இன்னும் ஒரு மணி நேரம்தானே தம்பி? நான் இனி எப்ப வருவேன்?” என்று கேட்டார். யாரும் விடை கூறவில்லை. முற்பகல் பதினொன்றுக்குள் பாறை ஏறத் தொடங்காவிட்டால் திரும்புவது என்று முந்தைய இரவே நால்வரும் பேசி வைத்திருந்தோம். பதினொன்றரை வரை காத்திருந்தோம், மேகம் விலகவில்லை. திரும்பினோம். இறங்கும் வழியில் நண்பர் ஒரு சொல்லும் பேசவில்லை. முகாமுக்குச் சற்று முன், காலையில் நாங்கள் நடந்து சென்ற தடத்திலேயே ஈரம் உலராத யானைச் சாணம் கிடந்தது.

அதன் பின் இரண்டு ஆண்டுகள் அவர் பதிவுக்கு முயன்றும் இடம் கிடைக்கவில்லை. இவ்வாண்டு கிடைத்திருக்கிறது, பிப்ரவரி மூன்றாம் வாரத்தில். ஒரு வாரம் முன்னதாகவே ஊர் வந்து சேரும்படியும், வந்ததும் முதற்காரியமாகக் குருசுமலை ஏறும்படியும் அவருக்கு எழுதியிருக்கிறோம்.