வறுமையும் உள்ளத்தின் நோவும்

வறுமையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அரிசியின் விலையையும் மாவின் விலையையும் பற்றியே பேசுகின்றனர். வயிறு வாடுமிடத்து உள்ளமும் உடன்வாடும் என்பதையோ, அவ்வாட்டம் ஓர் அரசின் அடித்தளத்தையே அசைக்கவல்லது என்பதையோ அவர் எண்ணுவதில்லை. நமது நாட்டின் வரலாறே இதற்குச் சான்று.

1971 ஆம் ஆண்டு ஏப்பிரலிற் கிராமத்து இளைஞர் பலர் ஆயுதமேந்தி அரசை எதிர்த்தனர். அவர் எழுத்தறியாதவரல்லர், இலவசக் கல்வியாற் பயன்பெற்றுப் பரீட்சைகளிற் சித்தியெய்தியோர் அவருட் பலர். அவ்வாண்டிலே சர்வதேசத் தொழிலாளர் தாபனத்தின் சார்பில் டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்து ஆராய்ந்த குழுவினர், வேலைகளின் தொகை போதாமை மட்டுமன்று, கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் கிடைக்குந் தொழிலுக்கும் இடையிலுள்ள பிளவும் நோயின் வேரென எடுத்துக்காட்டினர். ஆசிரியத் தொழில் புரியும் எம்மை இது சுடுகின்றது. அவ்வெதிர்பார்ப்பை ஊட்டியவர் எம்மனோரல்லரோ?

வெளியே வெடித்த கோபத்தைப் படைகொண்டு அடக்கினர். உள்நோக்கித் திரும்பிய துயரை அடக்கப் படை ஏது? 1995 இல் நமது நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்தனர். உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அஃதொன்று. 1995 இலும் 1998 இலும் பயிருக்கடிக்குங் கொடிய நஞ்சுகள் சில தடைசெய்யப்பட்டன. பத்தாண்டுகளில் அவ்வீதம் பாதியாயிற்று. இறக்கத் துணிந்தவர் வேறு வழி தேடாரோ எனச் சிலர் வினவுவர். அத்துணை பேர் தேடவில்லையென்பதையே கணக்குக் காட்டுகின்றது. அந்த ஒரு நாழிகையைக் கடந்தவர் பலர் வாழ்ந்தனர். ஆயினும், நஞ்சு குறைந்தமையாற் துயருங் குறைந்ததெனச் சொல்வதற்கில்லை.

பின்னர் வந்தது 2022. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி, முந்திய ஆண்டு நூற்றுக்கு 13 ஆயிருந்த வறியோர் தொகை 25 ஆயிற்று. கடதாசியின்றி மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. எமது வகுப்பிற் கணக்கை எவர்க்கும் முன்னே செய்துமுடிக்கும் மாணாக்கன் ஒருவன், கடற்றொழிலாளி ஒருவரின் மகன், அந்நாட்களில் மேசைமீது தலைவைத்துத் துயில்வான். சோம்பலென எண்ணிப் பலர் முன்னிலையிற் கடிந்தோம். தந்தையாரின் வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் வேண்டி, கானுங் கையுமாய் இரவெல்லாம் வரிசையில் நின்று வந்தவன் அவனென்பது பின்னரே தெரியவந்தது.

யூலை 9 ஆந் திகதி மக்கள் கொழும்பிலே சனாதிபதி மாளிகையுட் புகுந்தனர். மின்வெட்டிற் புழுங்கியவர் அங்கே நீச்சல் தடாகத்தைக் கண்டனர்; இறங்கிக் குளித்தனர். சில தினங்களிற் சனாதிபதி நாட்டைவிட்டே சென்றுவிட்டார். சிலர் இதனைக் கலகமென்றனர், சிலர் புரட்சியென்றனர். எமக்கோ, மாதக்கணக்காய் வரிசைகளிற் குமைந்த அவமானம் ஒருநாள் வழிகண்டதாகவே தோன்றிற்று.

அம்மாணாக்கன் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றவில்லை. இன்று தந்தையாருடன் கடலுக்குப் போகின்றான். சந்தியில் எம்மைக் கண்டால் தலைகுனிந்து செல்கின்றான், நாமும் அவ்வாறே.