பயிர்ச்செய்கை முறைகளால் பீடைகளைக் கட்டுப்படுத்தல்

விவசாயப் பாடத்தில் பீடைக் கட்டுப்பாடு பற்றிய வினா வந்தால் பெரும்பாலான விடைகள் ஒரே மாதிரியாகவே இருக்கும். "பயிர்ச்சுழற்சி, களையகற்றல், தோட்டச் சுகாதாரம்" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவீர்கள். "எவ்வாறு உதவும் என விளக்குக" என்று வினாவின் இறுதியில் இருப்பது கண்ணில் படுவதில்லை. புள்ளியின் பெரும்பகுதி அந்த "எவ்வாறு" என்பதற்குத்தான். எனவே இங்கு முறைகளைப் பட்டியலிடாமல் ஒரு பயிரை எடுத்துக்கொண்டு நோக்குவோம். அந்தப் பயிர் கத்தரி.

கத்தரிக்கு வரும் பீடைகளுள் மிகவும் தொல்லை தருவது தண்டு, காய் துளைப்பான். இதன் நிறையுடலி வெண்ணிறச் சிறகில் கபில நிறப் புள்ளிகள் கொண்ட சிறிய அந்துப்பூச்சி. அது இலையின் கீழ்ப்புறத்திலும் தளிரிலும் பூ மொட்டிலும் முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பி சில மணி நேரத்துக்குள் தளிரையோ காயையோ துளைத்து உள்ளே போய்விடும். போன வழியைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும். ஏறத்தாழ இரண்டு கிழமை உள்ளேயிருந்து தின்று, வளர்ந்தபின் வெளியே வந்து, செடியின் கீழே உதிர்ந்து கிடக்கும் சருகுகளுக்கிடையில் கூட்டுப்புழுவாகும்.

இந்த வாழ்க்கை வட்டத்தை ஒரு தரம் கவனமாக வாசியுங்கள். மருந்து படக்கூடிய இடத்தில் குடம்பி எவ்வளவு நேரம் இருக்கிறது? சில மணி நேரம் மாத்திரமே. நான் கலைப்பட்டதாரி, இதை வகுப்பில் படிக்கவில்லை, எங்கள் வீட்டுக் காணியில்தான் படித்தேன். ஒரு வருடம் கிழமைக்கொரு தடவை மருந்து அடித்தும் பிடுங்கிய காயில் பாதிக்கு மேல் ஓட்டை. "புழு உள்ளுக்க இருக்க நீ வெளியில குளிப்பாட்டுறாய்" என்று அம்மா சொன்னபோதுதான் விளங்கியது. அதைவிடப் பெரிய விடயம், கத்தரிக்காய் சில நாட்களுக்கு ஒரு தடவை பிடுங்கப்படுவது. மருந்துப் போத்தலில் குறிப்பிட்டுள்ள, அறுவடைக்கு முன்னரான காத்திருப்புக் காலம் முடிய முன்னரே காய் சந்தைக்குப் போய்விடும். மருந்தின் மீதி சாப்பிடுபவரின் கோப்பைக்கு வரும்.

சரி, மருந்தில்லாமல் என்ன செய்யலாம்? காய் பிடிக்க முன்னரே இப்பீடை தன்னைக் காட்டிக்கொடுக்கும். நன்றாக நீர் விட்ட செடியில் ஒரு தளிர் மட்டும் தலை தொங்கி வாடி நிற்கும். அதன் உள்ளே குடம்பி இருக்கிறது. கிழமைக்கு ஒரு தடவையேனும் தோட்டத்தைச் சுற்றி வந்து, அத்தகைய தளிர்களை வாடிய பகுதிக்குச் சற்றுக் கீழே வெட்டி எரித்துவிட வேண்டும். வெட்டி வரம்பில் போட்டால் பயனில்லை. குடம்பி அங்கிருந்தே வெளியேறிக் கூட்டுப்புழுவாகும். துளைத்த காயையும் செடியிலோ நிலத்திலோ விடலாகாது. "தோட்டச் சுகாதாரம்" என்ற இரண்டு சொல்லின் பின்னால் உள்ள விளக்கம் இதுதான்: பீடையின் அடுத்த சந்ததி உருவாகும் இடத்தை அகற்றுகிறோம்.

பழைய செடிகளின் கதையும் இதுவே. அறுவடை முடிந்த கத்தரித் தடிகளை விறகுக்காக வேலியோரம் அடுக்கி வைப்பது நம்மிடையே வழக்கம். அக்குவியலில் தங்கிய கூட்டுப்புழுக்களிலிருந்து வரும் அந்துப்பூச்சிகள் புதிய நாற்றுகளைத் தேடிப் போகும். பழைய பாத்திக்குப் பக்கத்தில் நாற்றுமேடை போடுவதும் அதே தவறுதான்.

இனிப் பயிர்ச்சுழற்சி. இங்கு மாணவர்கள் வழமையாக விடும் பிழை, "கத்தரிக்குப் பின் தக்காளி அல்லது மிளகாய்" என்று எழுதுவது. கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகிய நான்கும் சொலனேசியே குடும்பத்தைச் சேர்ந்தவை. பற்றீரியா வாடல் நோய்க்கு இவை அனைத்தும் விருந்து வழங்கிகள். எனவே பயிரை மாற்றினாலும் மண்ணிலுள்ள நோயாக்கிக்கு உணவு மாறவில்லை. வெங்காயம், சோளம் போன்ற வேறு குடும்பப் பயிரையே எழுதுங்கள். (செயன்முறைக்கு உதவும் ஒரு குறிப்பு: வாடிய செடியின் தண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுங்கள். வெட்டு முகத்திலிருந்து பால் போன்ற கசிவு நூலாக இறங்கினால் அது பற்றீரியா வாடல்.)

ஆனால் பயிர்ச்சுழற்சி எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. மண்ணில் தங்குபவற்றுக்கும், ஒருசில பயிர்களை மட்டுமே உண்பவற்றுக்கும் எதிராகவே அது நன்றாகப் பயன்தரும். வெண் ஈ பறக்கும். பல குடும்பப் பயிர்களிலும் களைகளிலும் வாழும். வெண்டியில் மஞ்சள் நரம்புச் சித்திர வடிவ வைரசைக் காவுவதும் இதுவே. ஆகவே அங்கு களையகற்றலும் நோயுற்ற செடியை உடனே பிடுங்கி அழிப்பதும்தான் உதவும்.

பசளை பற்றியும் ஒரு வார்த்தை. யூரியாவை அளவுக்கு மிஞ்சி இட்டால் செடி கடும் பச்சையாகத் தளதளவென்று வளரும். பார்க்க அழகாக இருக்கும். அந்த மென்மையான, நைதரசன் கூடிய தளிர்களைத்தான் அழுக்கணவன் போன்ற சாறுறிஞ்சும் பூச்சிகள் விரும்புகின்றன. பொருத்தமான நடுகை இடைவெளியும் காலையில் நீரூற்றுவதும் இலை விரைவில் உலர உதவுவதால் பங்கசு நோய்கள் குறையும்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை, பீடைநாசினி ஆகியவற்றின் இறக்குமதி இலங்கையில் தடைசெய்யப்பட்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதை அறிவீர்கள். மருந்துக் கடையை மட்டும் நம்பியிருந்த தோட்டக்காரருக்கு அது கடினமான காலம். இம்முறைகள் ஒரே நாளில் பழகிவிடக் கூடியவையல்ல. போகம் தொடங்க முன்னரே திட்டமிட வேண்டியவை.

இறுதியாக வகைப்படுத்தல் பற்றிய ஓர் எச்சரிக்கை. பாகற்காயைப் பழ ஈயிலிருந்து காக்கக் கடதாசிப் பையால் மூடுவதையும், வண்டுகளைக் கையால் பொறுக்குவதையும் பயிர்ச்செய்கை முறையின் கீழ் எழுதாதீர்கள். அவை பொறிமுறைக் கட்டுப்பாடு. பழ ஈயின் குடம்பி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாவதால், கொடியின் கீழ் மண்ணைக் கிளறி வெயிலுக்கும் பறவைகளுக்கும் வெளிக்காட்டுவதைப் பயிர்ச்செய்கை முறையாக எழுதலாம். இப்போது பயிற்சிக்காக, பாகல் பயிருக்கு இத்தகைய முறைகள் மூன்றைத் தெரிந்து, ஒவ்வொன்றும் பீடையின் எப்பருவத்தைத் தாக்குகின்றது என இரு வரிகளில் எழுதிப் பாருங்கள்.