சேற்றில் ஒற்றைச் சக்கரம் சுழல்வது ஏன்?

ஒலக்கூர் வட்டாரத்தில் ஏரி நிரம்பிய ஆண்டில், சேடை ஓட்டும் பருவத்தில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். வயலின் தாழ்ந்த மூலையில் டிராக்டர் நின்றுவிடும். ஒரு பின்சக்கரம் அசையாமலிருக்க, மற்றொன்று சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுழலும். வாடகையோ மணிக்கணக்கு. வண்டி ஓர் அடிகூட நகராத நேரத்துக்கும் வயல்காரரே பணம் தர வேண்டியிருக்கிறது.

இஞ்சினுக்கு வலு போதவில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது சரியன்று. 50 குதிரைத்திறன் டிராக்டரும் இப்படி நிற்கும். காரணம் பின் அச்சின் நடுவே உள்ள டிபரன்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதியில் இருக்கிறது.

மாட்டுவண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓடுகின்றன. இரண்டும் அச்சில் தனித்தனியே சுழல்வதால் தொல்லை இல்லை. டிராக்டரிலோ சக்கரத்தைச் சுழற்றுவதே அச்சுதான். இரு சக்கரங்களையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் திரும்பும்போது ஒன்று தரையில் தேய்ந்தே தீரும். இதைத் தவிர்க்கவே அச்சை இரண்டாகப் பிரித்து நடுவில் டிபரன்ஷியலை வைத்திருக்கிறார்கள். பெரிய பல்சக்கரம் 10 முறை சுற்றினால், திருப்பத்தில் உள்சக்கரம் 8 முறையும் வெளிச்சக்கரம் 12 முறையும் சுற்றும். கூட்டினால் எப்போதும் 20. ஒரு சக்கரம் அடியோடு நின்றுவிட்டால் மற்றது 20 முறையும் தானே சுற்றும். சேற்றில் சிக்கிய சக்கரம் இரட்டை வேகத்தில் சுழல்வதன் காரணம் இதுவே.

வேகத்தைப் பிரித்துக் கொடுக்கும் இந்த அமைப்பு, வலுவை மட்டும் இரு பக்கமும் சமமாகவே கொடுக்கும். தொல்லை இங்குதான் தொடங்குகிறது. நுகத்தடியை நினைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். நுகம் ஏர்க்காலில் நடுவில் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு மாடு இழுக்காமல் பின்தங்கினால் நுகம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். மற்ற மாடு எவ்வளவு வலுவுள்ளதாயினும் அதன் வலு கலப்பைக்குப் போய்ச் சேராது. சோனி மாட்டின் அளவுக்கே நல்ல மாடும் இழுக்க முடியும்.

உதாரணமாக, கெட்டியான தரையில் உள்ள சக்கரம் வழுக்காமல் 600 கிலோ இழுவையைத் தாங்கும் என்றும், சேற்றில் உள்ளது 100 கிலோதான் தாங்கும் என்றும் கொள்வோம். மொத்தம் 700 கிலோ கிடைக்க வேண்டும். ஆனால் சேற்றுச் சக்கரம் 100 கிலோவுக்கு மேல் ஏற்காததால் மற்றதற்கும் 100 கிலோதான் செல்லும். ஆக 200 கிலோ இழுவையே மிஞ்சுகிறது. ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் இந்தக் கணக்கு மாறாது. டீசல்தான் கூடுதலாக எரியும்.

இதற்கு மாற்று பெரும்பாலான டிராக்டர்களிலேயே உள்ளது. ஓட்டுநரின் வலது குதிகால் அருகிலோ இருக்கையின் கீழோ இருக்கும் சிறு பெடல் அது. டிபரன்ஷியல் லாக் என்பது இதன் பெயர். இதை மிதித்தால் இரு அச்சுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. நுகத்தை ஏர்க்காலோடு அசையாமல் இறுக்கிக் கட்டியதற்குச் சமம். இப்போது 700 கிலோவும் கிடைக்கும்.

ஆனால் சக்கரம் வேகமாகச் சுழலும்போது லாக்கை மிதிக்கக் கூடாது, பல் உடையும். கிளட்சை மிதித்துச் சக்கரம் நின்றபின் லாக் போட்டு, தாழ்ந்த கியரில் மெதுவாகக் கிளட்சை விட வேண்டும். வண்டி நேராகச் செல்லும்போது மட்டுமே லாக் இருக்கலாம். லாக் போட்டபடி திருப்பினால் திருப்பம் கிடைக்காது. வண்டி நேராகவே போகப் பார்க்கும். வரப்போரத்திலும் வாய்க்கால் கரையிலும் இது ஆபத்து. சிக்கலிலிருந்து வெளியே வந்ததும் பெடலிலிருந்து காலை எடுத்தால் வில் தானே லாக்கை விடுவிக்கும். விடாவிட்டால் ஸ்டியரிங்கை நேராக்கி, கிளட்சை ஒருமுறை மிதித்து விட்டால் போதும்.

சில ஓட்டுநர்கள் லாக்கைத் தொடாமல், சுழலும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் மிதித்து வண்டியை வெளியே கொண்டுவருகிறார்கள். இந்த வித்தை பலிப்பதற்கும் அதே கணக்குதான் காரணம். பிரேக் 400 கிலோ தடுத்தால் அந்தப் பக்கம் 500 கிலோ ஏற்கிறது. எனவே மறுபக்கமும் 500 கிலோ கிடைக்கிறது. ஆனால் தடுத்த வலு முழுவதும் பிரேக்கில் சூடாக வீணாகிறது. அவசரத்துக்கு ஆகும், பழக்கமாகக் கூடாது.

புஞ்சையிலும் லாக்குக்கு வேலை உண்டு. மல்லாட்டைக்குச் சட்டிக் கலப்பை ஓட்டும்போது வலச்சக்கரம் படைச்சாலில் இறங்கி ஓடுகிறது. வண்டி சாய்வதால் அந்தச் சக்கரத்தின் மேல் எடை கூடுகிறது. உழாத நிலத்தில் செல்லும் இடச்சக்கரம் எடை குறைந்து வழுக்குகிறது. நீண்ட சாலில் லாக் போட்டு, முனையில் திரும்பும் முன் எடுத்துவிட வேண்டும்.

வழுக்கல் எவ்வளவு என்பதை விவசாயியே அளக்கலாம். பின்சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு குறியிட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் 10 சுற்று ஓடும் தூரத்தை அளக்க வேண்டும். பிறகு கலப்பையை இறக்கி 10 சுற்று அளக்க வேண்டும். முதலில் 40 மீட்டர், அடுத்து 34 மீட்டர் என்றால் வழுக்கல் 15 சதவீதம். உழவில் 10 முதல் 15 சதவீதம் இயல்பே. 30 சதவீதம் என்றால், தரும் வாடகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நின்ற இடத்தில் சுழல்வதற்குப் போகிறது. ஆழத்தைக் குறைக்கலாம், கொத்துக் கலப்பையில் இரு கொத்துகளைக் கழற்றலாம், புஞ்சையாக இருந்தால் டயரில் முக்கால் பங்கு நீர் நிரப்பலாம். சேடைக்கு நீர் நிரப்பிய டயர் ஆகாது. எடை கூடிப் புதையும். அங்கு இரும்புக் கேஜ் வீலே சரி.

இப்போது ‘போர் வீல்’ எனப்படும் நான்கு சக்கர இயக்கமுள்ள சிறிய டிராக்டர்களைப் பலரும் விரும்புகின்றனர். இரு சக்கர இயக்க டிராக்டரில் எடையில் 60 முதல் 65 சதவீதம் பின்சக்கரங்களின் மேல் நிற்கிறது. 1,800 கிலோ டிராக்டரில் முன்பக்கமுள்ள 600, 700 கிலோ இழுவைக்கு உதவாமல், வண்டியைத் திருப்ப மட்டும் பயன்படுகிறது. முன்சக்கரத்துக்கும் வலு கொடுத்தால் அந்த எடையும் இழுக்கும். முன்சக்கரம் மிதித்து இறுக்கிய தடத்தில் பின்சக்கரம் ஓடுவது இன்னொரு நன்மை.

ஆனால் போர் வீல் வாங்கினால் புதையாது என்று எண்ணுவது தவறு. முன்னும் பின்னும் ஒவ்வொரு டிபரன்ஷியல் இருப்பதால், முன்னே ஒன்றும் பின்னே ஒன்றும் சேற்றில் சிக்கினால் பழைய கதைதான். இரு சக்கர வண்டி தயங்கும் இடத்தைத் தாண்டி, இன்னும் ஆழத்தில் போய் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம். லாக் இதற்கும் வேண்டும். சில பெரிய டிராக்டர்களின் முன்அச்சில் தானாகவே ஓரளவு பூட்டிக்கொள்ளும் வழுக்கல் தடுப்பு டிபரன்ஷியல் உள்ளது. அதில் உள்ள கிளட்ச் தகடுகள் உராய்ந்து, வழுக்கும் சக்கரத்தின் ஓட்டத்தை மட்டுப்படுத்தி மறுசக்கரத்துக்குக் கூடுதல் வலு தருகின்றன. முழு லாக்குக்கு இது ஈடாகாது. தகடு தேய்ந்தால் பயனும் குறையும்.

வெளிநாட்டுப் பண்ணைகளில் ஓடும் ஏ.டி.வி. என்னும் சிறு நாற்சக்கர மோட்டார் வண்டிகள் பலவற்றில் பின்அச்சில் டிபரன்ஷியலே கிடையாது. எடை குறைந்த வண்டி, அகன்ற டயர், புழுதியில் சறுக்கியே திரும்பிவிடும். கெட்டித்தரையில் அதே அமைப்பு முரண்டு பிடிக்கும். இவ்வண்டிகள் கவிழ்ந்து உயிர்கள் போனதால், புதிதாக விற்கும் பண்ணை வண்டிகளில் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகம் இருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியா 2021 அக்டோபரில் கட்டாயமாக்கியது.

கவிழும் ஆபத்து நம் வயலிலும் உண்டு. புதைந்த டிராக்டரின் பின்சக்கரங்களில் கட்டையைச் சேர்த்துக் கட்டி முன்னோக்கி எடுப்பது உயிருக்கே உலை வைக்கும். சக்கரம் சுற்ற முடியாமல் கட்டை பிடித்துக்கொண்டால், இஞ்சின் வலு வண்டியின் உடலை அச்சைச் சுற்றித் தூக்குகிறது. முன்பக்கம் எழுந்து பின்னால் மல்லாந்துவிட ஒன்றரை விநாடி போதும். ஓட்டுநர் குதிக்க நேரமிருக்காது. முன்சக்கரம் எழுவது தெரிந்தால் உடனே கிளட்சை மிதிக்க வேண்டும். சக்கரத்தின் பின்புறச் சேற்றை வெட்டி ரிவர்ஸ் கியரில் எடுப்பதே பாதுகாப்பு. அப்போது முன்பக்கம் கீழ்நோக்கியே அழுத்தப்படும். வேறு டிராக்டரால் இழுப்பதானால், இழுக்கும் வண்டியில் சங்கிலியைத் தாழ்ந்த இழுவைக் கம்பியில் மட்டுமே மாட்ட வேண்டும். மேல் இணைப்பில் மாட்டினால் அந்த வண்டி மல்லாரும்.

சக்கரம் நின்ற இடத்தில் சுழல்வதை அனுமதிக்கக் கூடாததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. நஞ்சையில் சேற்றுக்கு அடியில் இறுகிய மண் அடுக்கு ஒன்று உண்டு. தண்ணீரைத் தாங்குவதும் டிராக்டரைத் தாங்குவதும் அதுவே. சுழலும் சக்கரம் அதை அறுத்துவிட்டால் தண்ணீர் கீழே இறங்கும். அடுத்த போகத்திலும் அதே இடத்தில் வண்டி புதையும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின்போது அருகிலுள்ள மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. அத்தகைய மழைக்குப் பின் குழி விழுந்த இடங்களை மண்ணிட்டு மிதித்துக் கெட்டிப்படுத்தாமல் வண்டியை இறக்குதல் கூடாது.

புதிய டிராக்டர் வாங்குவோர் மத்தியப் பிரதேசம் பூத்னி நிலையத்தின் சோதனை அறிக்கையை விற்பனையாளரிடம் கேட்கலாம். 15 சதவீத வழுக்கலில் எத்தனை இழுவை கிடைத்தது என்பதை அதில் பார்க்க வேண்டும். குதிரைத்திறனைவிட இது பயனுள்ள எண். போர் வீலில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சிறிதளவு, 1 முதல் 5 சதவீதம் வரை, முந்தி ஓடும்படி அமைத்திருப்பார்கள். எனவே தார்ச்சாலையில் அதை எடுத்துவிட வேண்டும். இல்லாவிடில் முன்டயர் விரைவில் தேயும். டயர் மாற்றும்போது கம்பெனி சொன்ன அளவையே போட வேண்டும்.

வாடகைக்கு அமர்த்துவோர், வண்டியை வயலில் இறக்குமுன் லாக் பெடலை ஒருமுறை மிதித்துக் காட்டச் சொல்வது நலம். பயன்படுத்தாமலே விட்டதால் சேறும் துருவும் பிடித்து அசையாத பெடல்கள் பல. கழுவி, மூட்டில் கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.