பனிக்கு முந்தைய பள்ளத்தாக்கு – 5: பட்டாணிக்கு நேரமாச்சு

போன வாரம் குன்சும் கணவாயைத் தாண்டியதோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து லோசர், காசா என்று இறங்கி, காசாவிலிருந்து மறுபடி மலையேறி லாங்சாவுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. செப்டம்பர் முதல் வாரம். 4,400 மீட்டர் உயரம். பத்துப் படி ஏறினால் பதினோராவது படியில் உட்காரச் சொல்லும் ஊர். ஊருக்குத் தலைமாட்டில் பெரிய புத்தர் சிலை, அதற்கு எதிரே 6,303 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் சௌ சௌ காங் நில்டா சிகரம். ஸ்பிதி என்று நீங்கள் புகைப்படத்தில் பார்த்திருப்பது பெரும்பாலும் இந்த இடமாகத்தான் இருக்கும்.

மறுநாள் ஹிக்கிம் போவதாகத் திட்டம். பக்கத்து ஊர்தான். உலகத்திலேயே உயரமான இடத்தில் இருக்கும் அஞ்சலகம் என்று பேர் வாங்கிய ஒன்று 1983 முதல் அங்கே இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அங்கிருந்து ஊருக்கு ஓர் அட்டை போடுவார்கள். நானும் முகவரி எழுதிய பன்னிரண்டு அட்டைகளோடு காலையிலேயே தயாராகி, வீட்டுக்காரம்மாவிடம் வண்டி கிடைக்குமா என்று கேட்டேன். அவர் தலையில் துணியைக் கட்டிக்கொண்டே சொன்னார்: “இன்னைக்கு ஊர்ல ஒரு வண்டியும் கிடைக்காது பையா. எல்லாம் மட்டருக்குப் போயிருச்சு.”

மட்டர் என்றால் பச்சைப் பட்டாணி.

கோடையின் கடைசியில் வந்தால் கூட்டம் குறைந்திருக்கும், ஊர் ஓய்வாக இருக்கும், ஆற அமரப் பேசலாம் என்று நான் நினைத்திருந்தேன். நேர்மாறான கணக்கு. இங்கே நிலம் பனியை விட்டு வெளியே வந்து வேலைக்கு ஆவது ஏறக்குறைய ஐந்து மாதம். விதைப்பு, பாசனம், அறுவடை, விறகு, வைக்கோல், கூரைக்கு மண் பூசுவது எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். செப்டம்பரில் லாங்சாவில் சும்மா இருக்கிறவர் புத்தர் ஒருவர்தான். அப்புறம் நான்.

பீர் பஞ்சால் மலைத்தொடர் பருவமழையை அந்தப் பக்கமே நிறுத்திவிடுவதால் ஸ்பிதி ஒரு குளிர்ப் பாலைவனம். பள்ளத்தாக்கு முழுக்கச் சாம்பலும் காவியும். ஊரை ஒட்டி மட்டும் யாரோ துணி விரித்துக் காயப்போட்டது போலச் சதுரம் சதுரமாகப் பச்சை. 1980-கள் வரை அந்தச் சதுரங்களில் பார்லியும் கறுப்புப் பட்டாணியும்தான். பச்சைப் பட்டாணி பணப்பயிராக வந்த பிறகு கதை மாறியது. சமவெளியில் பட்டாணி குளிர்காலப் பயிர். ஆகஸ்ட், செப்டம்பரில் டில்லிக்காரருக்குப் புதுப் பட்டாணி வேண்டுமென்றால் இதுபோன்ற மலைகள்தான் கதி. அதனால் நல்ல விலை. பிள்ளைகளின் விடுதிக் கட்டணம், குளிர்காலத்துக்கான அரிசி, எரிவாயு சிலிண்டர், புது அறைக்குத் தகரம் எல்லாம் இந்தப் பச்சைக் காயிலிருந்துதான்.

வண்டி இல்லை. நானும் வயலுக்குப் போனேன். ஒரு சாக்கைக் கையில் கொடுத்தார்கள். பட்டாணி பறிப்பது பெரிய வித்தையா என்று குனிந்து ஒரு காயை இழுத்தேன். கொடியே வேரோடு வந்துவிட்டது. ஒரு சிரிப்பு வயல் முழுக்க ஓடியது. வீட்டுக்காரம்மா பக்கத்தில் வந்து காட்டினார். இடது கையால் கொடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பை மட்டும் ஒடிக்க வேண்டும். காயின் தலையில் அந்தச் சின்னப் பச்சைத் தொப்பி ஒட்டியிருக்க வேண்டும், அது போனால் காய் சீக்கிரம் வாடும். அழுத்திப் பார்க்கும்போது உள்ளே மணி தட்டுப்பட வேண்டும், ஆனால் தோல் சுருங்கியிருக்கக் கூடாது. அரைமணி நேரத்தில் அவர் பாதிச் சாக்கு நிரப்பியிருந்தார். என் சாக்கு நிற்கக்கூட இல்லை, மடிந்து படுத்திருந்தது. உரித்துத் தின்றதையும் கணக்கில் சேர்த்தால் கொஞ்சம் கூடும். அப்படி ஒரு இனிப்பு; பட்டாணி என்று நாம் கடையில் வாங்குவது இதன் தூரத்து உறவு.

பக்கத்துப் பாத்தியில் நேபாளத்திலிருந்து வந்த கூலியாட்கள். கடைசிப் பாத்தியில் சிவப்பு அங்கியை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓர் இளம் துறவி. வீட்டுக்காரரின் தம்பி, கோமிக் மடத்தில் இருக்கிறார், அறுவடைக்காக வந்திருக்கிறார். ஸ்பிதியின் பழைய வழக்கப்படி வீடும் நிலமும் மூத்த மகனுக்குத்தான். தம்பிகள் மடத்துக்குப் போவார்கள். மகன் பொறுப்பேற்றதும் பெற்றவர்கள் பெரிய வீட்டைவிட்டுப் பக்கத்திலிருக்கும் சின்ன வீட்டுக்குக் குடிபெயர்வார்கள். காங்சென், காங்சுங் என்று அந்த இரண்டு வீடுகளுக்கும் தனித்தனிப் பேரே உண்டு. துண்டு போட முடியாத அளவுக்கு நிலமும் தண்ணீரும் சிறுத்த ஊரில் பிறந்த ஏற்பாடு. கேட்கும்போது நியாயமாகத்தான் தெரிந்தது. பெண் பிள்ளைகளுக்கு நிலத்தில் என்ன பங்கு என்று கேட்டபோது வீட்டுக்காரம்மா பதில் சொல்லாமல் அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

தண்ணீர் கதையும் அப்படித்தான். உருகும் பனியை வாய்க்கால் வெட்டி ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். இரவெல்லாம் குளத்தில் தேக்கி, பகலில் முறை வைத்துத் திறக்கிறார்கள். முதல் உரிமை பழைய பெரிய வீடுகளுக்கு. பட்டாணி தண்ணீருக்கு ஏங்கும் பயிர். குளிர்காலத்தில் பனி குறைவாக விழுந்தால் அடுத்த கோடையில் முறைச் சண்டை.

உரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் ஒரு பத்தி தாண்டிக்கொள்ளலாம். இங்கே வீட்டுக் கழிப்பறை என்பது மாடியில் ஓர் அறை, தரையில் ஒரு துளை, மூலையில் மண்ணும் சாம்பலும் குவித்த ஒரு குவியல், ஒரு மண்வாரி. காரியம் முடிந்ததும் இரண்டு வாரி தள்ளிவிட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, நாற்றமும் கிடையாது. கீழே சேர்வது வருஷத்துக்கொரு முறை வயலுக்குப் போகிறது. அடுத்த வருஷப் பட்டாணியில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்று சொன்னேன். துறவிதான் அதிகமாகச் சிரித்தார்.

மூன்று மணிக்கு பிக்கப் வண்டி வந்தது. கோணி ஊசியால் சாக்குகளின் வாயைத் தைத்து ஏற்றினார்கள். எனக்குப் புரியாதது, அவ்வளவு அவசரமாகப் பறித்துவிட்டு, ஓட்டுநர் ஏன் ராத்திரி லோசரில் படுக்கப் போகிறார் என்பது. நேராகக் கணவாயைத் தாண்டிவிட வேண்டியதுதானே?

“நாலா இருக்கே,” என்றார் வீட்டுக்காரம்மா.

நாலா என்றால் ஓடை. குன்சுமுக்கு அந்தப் பக்கம், பாத்தலுக்கும் சத்ருவுக்கும் நடுவே பாதையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடும் பனியோடைகள். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, பிற்பகலில் ஓடை வண்டியின் வயிறு வரை ஏறும். ராத்திரிக் குளிரில் உருகுவது நின்றால் விடியற்காலையில் வெறும் கல்லும் சலசலப்பும்தான். அதனால் ஓடையைத் தாண்டுவது எப்போதும் காலையில். 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்தபிறகு மணாலிக்கு ரோதாங் ஏற வேண்டியதில்லை, 9 கிலோமீட்டரில் மலையைத் துளைத்துவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் இந்த ஓடைகள் இருக்கின்றன. பார்லி காத்திருக்கும், வருஷக்கணக்கில் குதிரில் கிடக்கும். பட்டாணிக்கு அந்தப் பொறுமை இல்லை. ஓர் ஓடையோரம் இரண்டு நாள் நின்றுவிட்டால் சாக்குக்குள்ளே சூடேறி மஞ்சளாகிவிடும். சாப்பாட்டுக்காகப் பயிர் செய்தவர்கள் விற்பதற்காகப் பயிர் செய்ய ஆரம்பித்ததும், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஓர் ஓடையோடு தங்கள் வயிற்றைக் கட்டிவிட்டார்கள்.

இருட்டியதும் காற்று நின்றது. வறுத்த பார்லி மாவைத் தேநீரில் பிசைந்து சாப்பிட்டோம். அப்புறம் வீட்டுக்காரம்மா விறகும் வைக்கோலும் அடுக்கியிருந்த கூரைக்கு ஏறிப் போனார். நானும் போனேன். மேகமே இல்லை, கையை நீட்டினால் நட்சத்திரம் படும் போல இருந்தது. அவர் வானத்தைப் பார்க்கவில்லை. கூரையின் ஓரத்திலிருந்த தகர வாளித் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார்.

“வண்டி நாளைக்கு நாலாவைத் தாண்டிரும்,” என்றார். குரலில் சந்தோஷம் இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

ஓடையை வற்ற வைக்கும் அதே குளிர்தான் பறிக்காத காய்களின் மேல் உறைபனியாக இறங்கும். கீழ்ப் பாத்தி இன்னும் பாக்கி. அவர் இறங்கிப் போய்த் துறவியை எழுப்பினார். பக்கத்து வீட்டிலும் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் மூன்று டார்ச் வெளிச்சங்கள் வயல் பக்கம் நடந்து போயின, கையில் பழைய கம்பளிகளும் தார்ப்பாயும். நான் அஞ்சலட்டைகளைப் பைக்குள் வைத்துவிட்டு, அவர்கள் பின்னால் போனேன்.

(தொடரும்)