நம் ஊர்க் கிளை நூலகம்

நம் ஊர்க் கிளை நூலகம் யாருடையது? "அரசாங்கத்துடையது" என்போம். உண்மையில் அது நம்முடையதே.

1948ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுவே. இதற்காக அரும்பாடுபட்டவர், 1892இல் சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள். இச்சட்டத்தின்படி, நம் பெற்றோர் செலுத்தும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே பெறப்படுகிறது.

அங்கே நாளிதழ்களையும் வார இதழ்களையும் எவரும் இலவசமாகப் படிக்கலாம். சிறு காப்புத் தொகையும் சந்தாவும் செலுத்தி உறுப்பினரானால் நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். அகராதி, கலைக்களஞ்சியம் போன்றவற்றை அங்கேயே அமர்ந்து பார்த்துக் குறிப்பெடுக்கலாம். ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா நடைபெறும். அப்போது புத்தகக் கண்காட்சியும், மாணவர்களுக்குப் பேச்சு, கட்டுரைப் போட்டிகளும் வைப்பார்கள்.

இத்தனை இருந்தும், பல ஊர்களில் நாளிதழ் மேசையைச் சுற்றி ஆண்களே நிறைந்திருக்கக் காண்கிறோம். அதைக் கண்டு கூச்சத்தால் வாசலோடு திரும்பிவிடுகிறோம். நாம் போகாவிடில், நமக்கு வேண்டிய நூல்கள் இவை என்று நூலகர் அறிவது எங்ஙனம்? யாரும் கேளாத நூல் அலமாரிக்கு வருவது அரிதன்றோ?

ஆகவே, தோழியருடனோ அன்னையருடனோ சேர்ந்தே செல்வோம். உறுப்பினராவோம். வேண்டிய நூல் இல்லையேல் தயங்காமல் கேட்போம். நமக்குரிய நாற்காலியில் நாமே சென்று அமர்வோம்!