பூனை பார்க்கும் திருவிழா

இதைக் கேட்கும்போதே ஃபோனில் ஒரு படத்தைத் தேடி எடுத்துக்கோங்க. ஹிரோஷிகே, ஜன்னல், பூனை. இந்த மூணு வார்த்தை போதும்.

வந்துடுச்சா? ஒரு வெள்ளைப் பூனை ஜன்னல்ல உட்கார்ந்து வெளியே பார்க்குது. சாயங்கால வானம், தூரத்தில் ஃபூஜி மலை. கீழே வயலுக்கு நடுவுல எறும்பு வரிசை மாதிரி ஜனங்க போறாங்க. அது சேவல் நாள் திருவிழா, நவம்பர்ல வரும். குப்பை வாருற மூங்கில் வாரி இருக்குமில்ல, அதை ஜோரா அலங்கரிச்சு கோயில் பக்கத்துல விற்பாங்க. வாங்கிட்டுப் போனா அடுத்த வருஷ அதிர்ஷ்டத்தை வாரிக்கலாம்னு நம்பிக்கை. படம் அச்சானது 1857ல், எடோவில். இன்னைக்கு அதுதான் டோக்கியோ.

இப்போ கண்ணை அறைக்குள்ள கொண்டு வாங்க. தரையில் காகிதத்துல சுத்தின கொண்டை ஊசிகள். உத்துப் பாருங்க, அதுவும் வாரி வடிவம்தான். திருவிழாவுக்குப் போன யாரோ வாங்கிட்டு வந்த பரிசு. ஜன்னல்ல ஒரு துண்டு, ஒரு கிண்ணம். ஓரத்துல தடுப்புத் திரை.

இது யோஷிவாரா. அரசு அனுமதியோட நடந்த பாலியல் தொழில் பகுதி. சுத்தி அகழி. ஏழைக் குடும்பங்கள் கடனுக்காக விற்ற பெண் பிள்ளைகள் பல வருஷம் அங்கேதான். நினைச்ச நேரத்துல வெளியே போக முடியாது. அந்த அறையில் இருக்கிறவளை ஹிரோஷிகே வரையவே இல்லை. அவளுக்குப் பதிலா பூனை பார்க்குது.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1703, ஒசாகா. ஓஹாட்சுங்கிற இதே தொழிலில் இருந்த பெண்ணும், சோயா சாஸ் கடையில் வேலை பார்த்த தோகுபேயும் சேர்ந்து உயிரை விட்டாங்க. நிஜ சம்பவம். சுமார் ஒரே மாசத்துல சிகமட்சு அதைப் பொம்மலாட்டமா எழுதி மேடையேத்திட்டார். செம ஹிட். அந்த அரங்கோட கடனே அடைஞ்சது. இந்த மாதிரி கதைகள் பெருகவும், 1723ல் அரசு தடை போட்டுச்சு. ஆனா ஜோடிகள் ஜனங்க மனசை விட்டுப் போகல. பல வருஷம் கழிச்சு உதமாரோ மாதிரி ஓவியர்கள் பொம்மலாட்டக் காதலர்களை மரக்கட்டை அச்சில் வரிசையா கொண்டு வந்தாங்க. ஓவியர் வரைய, ஒருத்தர் செதுக்க, இன்னொருத்தர் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை வச்சு அச்சடிக்க, பதிப்பாளர் விற்பார். சாதாரண ஆளும் வாங்கலாம்.

பொம்மலாட்டத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. பெண் பொம்மைகளுக்குப் பொதுவா கால் கிடையாது. கிமோனோ ஓரத்தை ஆட்டியே நடக்க வைப்பாங்க. ஓஹாட்சுவுக்கு மட்டும் இப்போ நடக்குற நாடகத்துல ஒரு பாதம் தெரியும். தோகுபே திண்ணைக்கு அடியில ஒளிஞ்சிருக்கான். மேல எதிரிகள் இருக்காங்க, பேச முடியாது. சாகத் தயாரான்னு அவள் பாதத்தால கேட்கிறாள். அவன் அந்தப் பாதத்தைத் தன் கழுத்துல வச்சு இழுத்துப் பதில் சொல்றான்.

ஓஹாட்சுவுக்கு ஒரு பாதமாவது கிடைச்சது. யோஷிவாரா அறையில் இருந்தவளுக்குக் கொண்டை ஊசி மட்டும். சிலர் இந்தப் பூனைப் படத்தை 'க்யூட்'னு சொல்லும்போது எனக்கு லேசா உறுத்தும். க்யூட்தான், மறுக்கல.

'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்'ங்கிற வரிசையில் இது 101வது படம். ஆமா, நூறுன்னு பேர் வச்சு நூறைத் தாண்டிட்டாங்க. ப்ரூக்ளின் மியூசியம் வெப்சைட்டில் பார்க்கலாம். அதே வரிசையில் 73வது, தனபாட்டா திருவிழா. கூரைகளுக்கு மேல மூங்கில் கொம்புகள், அதுல காகிதங்கள் காத்துல பறக்குது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.